எபிசோடு 41: கை சுடாத தீ – குளிர் பிளாஸ்மா கேன்சரைக் கொல்லுமா?

(ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம் இது. "அது வந்து", "ஆக்சுவலா" எல்லாத்தையும் வெட்டிட்டு, வாசிக்க வசதியா சில இடங்களை மாத்தி அடுக்கியிருக்கேன். நடுவுல மழைச் சத்தத்துல கேக்காம போன ரெண்டு பகுதியை மறுபடி பேசிச் சேர்த்தது.)

ஏற்காடு ஒண்டிக்கடையில இருந்து பேசறேன். ஆபீஸ் கால் எல்லாம் முடிஞ்சு ராத்திரி ஒன்பதரைக்குத்தான் மைக் முன்னாடி உட்கார முடிஞ்சது. இந்த வாரம் டேட்டாபேஸ் இண்டெக்ஸ் பத்திப் பேசறதா போன எபிசோடுல சொல்லியிருந்தேன். அதைத் தள்ளி வைக்கிறேன். காரணம் ஒரு வாட்ஸ்அப் வீடியோ.

ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கத்துல நான் தினமும் டீ குடிக்கிற கடை ஒண்ணு இருக்கு. அந்த அண்ணனை ஸ்கூல் படிக்கிற காலத்துல இருந்தே தெரியும். போன வாரம் டீயைக் கையில குடுத்துட்டு, "தம்பி, நீ இன்ஜினியரு தானே, இதைக் கொஞ்சம் பாரு"ன்னு போனை நீட்டினார். பேனா மாதிரி ஒரு கருவி. அதோட நுனியில ஊதா நிறத்துல ஒரு சின்னச் சுடர். ஒருத்தர் அந்தச் சுடருல விரலை வைக்கிறார், சுடல. அடுத்த காட்சியில மைக்ராஸ்கோப்புக்குக் கீழ செல்கள் சுருங்கிச் சாகுது. தமிழ்ல டப்பிங்: கத்தி வேண்டாம், கீமோ வேண்டாம், கேன்சர் செல்லை மட்டும் தேடிப் பிடிச்சுக் கொல்லும் குளிர் பிளாஸ்மா.

அண்ணனோட மச்சானுக்குக் கன்னத்துக்கு உள்பக்கம் ஒரு புண். மூணு மாசமா ஆறல. எஸ்டேட்ல ஏணி போட்டு மிளகு பறிக்கிறவர். குளிருக்கு இதமா இருக்குன்னு புகையிலையை அந்தப் பக்கம்தான் அடக்குவார். சேலத்துக்குக் கூட்டிட்டுப் போய் சதை எடுத்து டெஸ்ட் பண்ணியாச்சு, கேன்சர்னு வந்தாச்சு. ஆபரேஷனுக்குத் தேதியும் குடுத்துட்டாங்க. தாடை எலும்புல ஒரு பகுதியையும் எடுக்க வேண்டி வரலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். அன்னைக்குத்தான் அவர் இந்த வீடியோவைப் பார்த்திருக்கார். அப்ப இருந்து ஒரே பேச்சு, "தேதியைத் தள்ளிப் போடலாமா?"

"நான் டாக்டர் இல்லண்ணா. ஆனா இது என்ன விஷயம்னு படிச்சுச் சொல்றேன், ஒரு வாரம் குடுங்க"ன்னேன். "ஒரு வாரம்தான் தம்பி, அதுக்கு மேல நம்மகிட்ட நாள் இல்ல"ன்னார். இதை ரெக்கார்ட் பண்ண அவங்க ரெண்டு பேருமே சம்மதம் சொல்லியிருக்காங்க, பேர் மட்டும் வேண்டாம்னாங்க.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். கொரோனா நேரத்துல 'பிளாஸ்மா தெரபி'ன்னு கேட்டிருப்பீங்க. அது ரத்தத்துல இருக்கற பிளாஸ்மா, செல்களை எல்லாம் எடுத்துட்டா மிச்சம் இருக்கற மஞ்சள் நிற நீர். இது அது இல்ல. இது மின்சாரம் பாயற வாயு. ரெண்டுக்கும் ஒரே பேர் வந்ததுக்கு இர்விங் லாங்முயர் காரணம். 1928ல அவர்தான் இந்த வாயுவுக்குப் பிளாஸ்மான்னு பேர் வச்சார். ரத்த பிளாஸ்மா செல்களைச் சுமந்துட்டுப் போற மாதிரி இந்த வாயு எலக்ட்ரான்களையும் அயனிகளையும் சுமந்துட்டுப் போகுதுன்னு அவருக்குத் தோணியிருக்கு. கூட வேலை பார்த்தவர் பின்னாடி எழுதி வச்சது இது. பேர் வைக்கிறதுல சொதப்பறது சாஃப்ட்வேர் ஆளுங்க மட்டும் இல்லன்னு ஒரு ஆறுதல்.

ஒரு வாயுவுக்குப் போதுமான சக்தி குடுத்தா அணுக்கள்ல இருந்து எலக்ட்ரான் பிச்சுக்கிட்டு வெளிய வரும். அப்படி எலக்ட்ரானும் அயனியும் கலந்து கிடக்கிற வாயுதான் பிளாஸ்மா. சித்திரை, வைகாசியில சேர்வராயன் மலை உச்சிப் பக்கம் இறங்குற மின்னல் பிளாஸ்மா. அதோட வெப்பம் 30,000 டிகிரி வரைக்கும் போகும். காந்திநகர் பக்கத்துல இருக்கற பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமா ஐபிஆர், ஆஸ்பத்திரிக் கழிவைச் சூட்டால சிதைக்க 'பிளாஸ்மா பைராலிசிஸ்'னு ஒரு முறையை உருவாக்கியிருக்கு. அதுவும் இந்தச் சூடான வகைதான். இதையெல்லாம் கன்னத்துல காட்டினா கன்னமே இருக்காது.

அப்ப குளிர் பிளாஸ்மான்னா என்ன? தலைக்கு மேல பாருங்க. எல்ஈடி வர்றதுக்கு முன்னாடி எல்லா வீட்டுலயும் இருந்த ட்யூப்லைட் ஒரு குளிர் பிளாஸ்மா. உள்ள ஓடற எலக்ட்ரான்களோட வெப்பநிலையைக் கணக்குப் போட்டா 10,000 டிகிரிக்கு மேல வரும். ஆனா எரியற ட்யூப்பை நாம கையால தொட்டுத் திருப்பியிருக்கோம். எப்படி?

இதுக்கு நம்ம ஊர் உதாரணமே போதும். ஒரு பலாப்பழம் தொங்குது, நாலு கிலோ இருக்கும். அது மேல மிளகை ஒண்ணொண்ணா வேகமா எறியறீங்க. மிளகு எவ்வளவு வேகமாப் போனாலும் பட்டுத் தெறிச்சு வந்துடும், பழம் ஆடாது. எலக்ட்ரான் மிளகு, ஆர்கான் அணு பலாப்பழம். சும்மா சொல்லல, கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஆர்கான் அணு எலக்ட்ரானை விட சுமார் 73,000 மடங்கு கனம். ஒரு மிளகுக்கும் நாலு கிலோ பழத்துக்கும் நடுவுல இருக்கற வித்தியாசமும் ஏறக்குறைய அவ்வளவுதான். எலக்ட்ரான் கிட்ட இருக்கற வேகம் அணுவுக்குப் போய்ச் சேர ரொம்ப நேரம் பிடிக்கும். அதுவரைக்கும் எலக்ட்ரான் சூடு, வாயு குளிர்ச்சி.

ட்யூப்லைட்டுக்குள்ள காத்தை உறிஞ்சிட்டு ரொம்பக் கம்மியான அழுத்தத்துல வாயுவை அடைச்சிருக்காங்க, அதனால மோதல் கம்மி. திறந்த வெளியில அந்த வசதி இல்ல. மிளகை மழை மாதிரிக் கொட்டினா பழமும் ஆடத்தான் செய்யும். வாயு சூடாகும், சூடானா மின்சாரம் இன்னும் சுலபமாப் பாயும், அதனால இன்னும் சூடாகும், கடைசியில வெல்டிங் பொறி மாதிரி ஆயிடும். இதை நிறுத்தறதுக்கு வழி பழசு. 1857ல வெர்னர் வான் சீமன்ஸ் ஓசோன் தயாரிக்க ஒரு கருவி செஞ்சார். ரெண்டு மின்முனைக்கு நடுவுல கண்ணாடித் தடுப்பு. பொறி கிளம்பினதும் கண்ணாடி மேல மின்னூட்டம் சேர்ந்து அதுவே பொறியை அணைச்சுடும், பொறி பெருசாகவே முடியாது. இன்னொரு வழி, மின்சாரத்தைத் துண்டு துண்டா, மைக்ரோ விநாடிக்கும் கம்மியான நேரத்துக்கு மட்டும் குடுக்கறது. எங்க பாஷையில சொன்னா டைம்அவுட். ப்ராசஸ் கைமீறிப் போறதுக்குள்ள வெட்டி விடு. இதோட ஹீலியமோ ஆர்கானோ ஊதி விட்டா, நாம வீடியோவுல பார்த்த ஊதாச் சுடர் கிடைச்சுடும். வெப்பம் 40 டிகிரிக்குள்ள நிக்கும். அந்த விரல் காட்சி நிஜம்தான்.

சரி, இந்தச் சுடர் செல்லை எப்படிக் கொல்லுது? சூட்டால இல்ல, அது தெரிஞ்சாச்சு. சுடர் நம்ம காத்தோட, அதுல இருக்கற ஈரத்தோட கலக்கற இடத்துலதான் விஷயம். ஆக்சிஜன், நைட்ரஜன், தண்ணி மூலக்கூறெல்லாம் உடைஞ்சு புதுசு புதுசா சேரும். ஹைட்ராக்சில், ஓசோன், நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரைட், ஹைட்ரஜன் பெராக்சைடு. இதுல ஹைட்ராக்சில் ஈரத்துல ஒரு விநாடியில நூறு கோடியில் ஒரு பங்கு நேரம் இருந்தாலே பெரிய விஷயம். பெராக்சைடும் நைட்ரைட்டும் நின்னு வேலை செய்யும். இது எல்லாத்தையும் சேர்த்து ஆக்சிஜன், நைட்ரஜன் வினைப்பொருள்கள்னு வச்சுக்கலாம். ஒவ்வொரு தடவையும் முழுப் பேரைச் சொல்ல எனக்கு மூச்சு வாங்குது, இனிமே வினைப்பொருள்னே சொல்றேன்.

இந்த வினைப்பொருள் நம்ம எல்லா செல்லுக்குள்ளயும் எப்பவுமே கொஞ்சம் இருக்கும். செல் அதைச் சுத்தம் பண்ணிட்டே இருக்கும். கேன்சர் செல் ஓய்வில்லாம பெருகறதால அதுக்குள்ள இந்த அளவு ஏற்கனவே ஜாஸ்தி. ஏற்காடு ஏரியை நினைச்சுக்கங்க. ஐப்பசி, கார்த்திகையில ஏரி விளிம்பு வரைக்கும் நிறைஞ்சு நிக்கும். ஒரு மழை பெஞ்சா போதும், வழிஞ்சு ஓடி கிளியூர் அருவி கொட்ட ஆரம்பிச்சுடும். அதே மழை மாசி, பங்குனியில பெஞ்சா ஏரி குடிச்சுட்டுப் பேசாம இருக்கும். கேன்சர் செல் கார்த்திகை ஏரி, நல்ல செல் பங்குனி ஏரி. வெளியில இருந்து ஒரே அளவு பெராக்சைடு ஊத்தினா ஒண்ணு வழியும், இன்னொண்ணு தாங்கும். இது போக, தண்ணியையும் பெராக்சைடையும் உள்ள விடற அக்வாபோரின்ங்கற வாசல்கள் பல கேன்சர் செல்கள்ல அதிகமா இருக்கறதாவும் ஒரு விளக்கம் இருக்கு.

வழிஞ்ச செல் எப்படிச் சாகுதுங்கறதும் முக்கியம். லினக்ஸ்ல ஒரு ப்ராசஸை நிறுத்த ரெண்டு வழி. பதமாச் சொன்னா அது ஃபைலை எல்லாம் மூடிட்டு ஒழுங்கா வெளிய போகும். கில் மைனஸ் நைன் போட்டா அப்படியே பொத்துனு விழும், பாதி எழுதின ஃபைல் எல்லாம் சிதறிக் கிடக்கும். செல்லுலயும் அப்படித்தான். ஒழுங்காச் சாகற முறைக்கு அபோப்டோசிஸ்னு பேர், சிதறிச் சாகறது நெக்ரோசிஸ். குளிர் பிளாஸ்மாவை அளவா குடுத்தா பெரும்பாலும் முதல் வகை, அளவு மீறினா ரெண்டாவது. சில ஆய்வுகள்ல, சாகற செல் தன் மேல ஒரு கொடி மாதிரி சில புரதங்களைக் காட்டி நோய் எதிர்ப்புச் செல்களைக் கூப்பிடறதையும் பார்த்திருக்காங்க. இந்தத் துறையில எனக்கு ரொம்ப ஆர்வமா இருந்த பகுதி அதுதான். ஆனா பெரும்பாலும் எலியிலயும் தட்டுலயும்தான் பார்த்திருக்காங்க.

இதெல்லாம் படிச்சப்ப எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. உங்களுக்கும் வந்திருக்கும். கடைசியில வேலை செய்யறது ஹைட்ரஜன் பெராக்சைடுன்னா, மெடிக்கல் ஷாப்புல பாட்டில் வாங்கி ஊத்திட வேண்டியதுதானே? கேனத்தனமான கேள்வி இல்ல, ஆராய்ச்சியாளர்களே இதைத்தான் கேட்டிருக்காங்க. பெராக்சைடை உடைக்கிற கேட்டலேஸ்ங்கற நொதியைத் தட்டுல சேர்த்தா, பல பரிசோதனைகள்ல பிளாஸ்மாவோட கொல்லும் திறன் பெரும்பகுதி போயிடுது. அப்ப பெராக்சைடுதான் முக்கிய ஆள். ஆனா அதே அளவு பெராக்சைடைத் தனியா ஊத்தினா எல்லா நேரமும் அதே விளைவு வர்றதில்ல. நைட்ரைட்டும் கூட இருக்கறப்ப அடி பலமா விழுது. எது எதோட சேர்ந்து என்ன செய்யுதுங்கற வாதம் இன்னும் ஓடிட்டிருக்கு.

அந்தக் கேட்டலேஸ் நம்ம ரத்தச் சிவப்பணுக்கள்ல நிறையவே இருக்கு. காயத்துல பெராக்சைடு ஊத்தினா புஸ்ஸுன்னு நுரைக்குமே, அது கேட்டலேஸ் அதை உடைக்கிற நுரைதான். தட்டுல ரத்தம் இல்ல. உடம்புல இருக்கு.

எனக்கு இந்த வீடியோ மேல முதல்ல கோபம் வந்த இடம் இது. எங்க வேலையில ஒரு பழைய ஜோக் உண்டு. ப்ரொடக்ஷன்ல சாஃப்ட்வேர் படுத்துடுச்சுன்னு சொன்னா டெவலப்பர் சொல்லுவான், "என் மெஷின்ல ஓடுதே!" தட்டுல வளர்த்த செல்லைக் கொன்னதைக் காட்டி 'கேன்சருக்கு மருந்து'ன்னு சொல்றது அதே கதைதான். தட்டுல செல் ஒரே அடுக்கா, அம்மணமாக் கிடக்கு. மேல ரெண்டு மில்லிமீட்டர் திரவம். எந்த விஷமும் அங்க ஜெயிக்கும்.

'கேன்சர் செல்லை மட்டும் கொல்லும்'ங்கற வரி இன்னும் மோசம். ஏரி உதாரணம் அழகா இருக்கு, நானே சொன்னதுதான். ஆனா எல்லா கேன்சரும் நிறைஞ்ச ஏரி இல்ல, எல்லா நல்ல செல்லும் காஞ்ச ஏரியும் இல்ல. சில நல்ல செல்கள் கேன்சர் செல்லை விடச் சீக்கிரம் செத்த பரிசோதனைகளும் உண்டு. போதாததுக்கு, கேன்சர் செல்லை ஒரு ஊட்டத் திரவத்துலயும் நல்ல செல்லை வேற திரவத்துலயும் வளர்த்து ஒப்பிட்டிருப்பாங்க. அந்தத் திரவமே வினைப்பொருளை உறிஞ்சற அளவு மாறும். ஏ/பி டெஸ்ட்ல ரெண்டு பக்கமும் வேற வேற சர்வர் வச்ச மாதிரி. 'அளவும் சூழ்நிலையும் சரியா இருந்தா கேன்சர் செல் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கு' – இவ்வளவுதான் நேர்மையாச் சொல்ல முடியும்.

அடுத்தது ஆழம். மச்சானுக்குப் பதில் சொல்ல எனக்குத் தேவைப்பட்டது இதுதான். சுடர்ல இருந்து வர்ற வினைப்பொருள் சதைக்குள்ள போற தூரம் ரொம்பக் கம்மி. மேல் அடுக்குகள் தாண்டி, ரொம்ப தாராளமாச் சொன்னாலும் சில மில்லிமீட்டர். வாய்ப்புற்றுல டாக்டர்கள் முதல்ல கேக்கற எண்கள்ல ஒண்ணு, கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்குங்கறது. 5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர்னு அந்த ஆழத்தை வச்சே கட்டியோட நிலை மாறுது. ஆழம் கூடக் கூட கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருக்கற வாய்ப்பும் கூடும். அதனாலதான் பல பேருக்கு வாயில ஆபரேஷன் பண்ணும்போதே கழுத்தையும் திறந்து நெறிக்கட்டியை எடுக்கறாங்க. கன்னத்துல ஊதற சுடர் கழுத்துல இருக்கற நெறிக்கட்டியை எங்க போய்த் தேடும்?

அப்ப மனுஷங்க மேல யாரும் முயற்சி பண்ணலையா? பண்ணியிருக்காங்க. ரெண்டு இடத்தைப் பத்திச் சொல்றேன்.

முதல் இடம் ஜெர்மனியோட வடக்குக் கரையில இருக்கற கிரைஃப்ஸ்வால்ட். அங்க ஒரு பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனமும் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியும் அக்கம்பக்கமா இருக்கு. அங்க உருவான கின்பென்ங்கற ஆர்கான் பேனாவுக்கு 2013ல ஐரோப்பிய மருத்துவக் கருவிச் சான்று கிடைச்சுது. எதுக்கு? கேன்சருக்கு இல்ல, ஆறாத புண்களுக்கு. சர்க்கரை நோய்ப் புண், கால் நரம்புப் புண், கிருமி தொத்தின காயம். கிருமியைக் கொல்லும், புண் ஆறறதைத் தூண்டும். குளிர் பிளாஸ்மா நிஜமா மருத்துவமா நடக்கற இடம் இதுதான்.

அதே ஊர்ல மெட்டல்மன்ங்கற வாய், முக அறுவை மருத்துவரோட குழு, தலை, கழுத்துப் புற்று முத்திப்போய், வேற சிகிச்சை மிச்சம் இல்லாத சில பேருக்கு இந்தப் பேனாவைப் பயன்படுத்தினாங்க. குணப்படுத்தணும்னு இல்ல. கட்டி வெளிய வந்து, உடைஞ்சு, கிருமி தொத்தி, நாத்தம் அடிக்கும். அந்த நாத்தத்தைக் குறைக்கணும். நேர்ல பார்த்தவங்களுக்குத் தெரியும். நோயாளியை விட்டுச் சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா விலகறது அந்த நாத்தத்தாலதான், தன் மேல வர்ற நாத்தத்துக்கு அவரே கூசிப்போய் முகத்தைத் திருப்பிக்கறதும் அதனாலதான். பிளாஸ்மா ஊதினதுல பல பேருக்குக் கிருமியும் நாத்தமும் குறைஞ்சுது, வலி மருந்துத் தேவையும் சில பேருக்குக் குறைஞ்சுது. சிலருக்குக் கட்டியோட மேற்பரப்பு கொஞ்ச காலம் சுருங்கவும் செஞ்சுது. அப்புறம் நோய் அதோட வழியில போச்சு. எண்ணிக்கையும் விரல் விட்டு எண்ற அளவுதான். ஆனா எனக்கு இந்த வேலை மேல ரொம்ப மரியாதை வந்துச்சு. என்ன முடியும்னு தெரிஞ்சு அதை மட்டும் சொல்லி, அதை மட்டும் செஞ்சிருக்காங்க.

ரெண்டாவது இடம் அமெரிக்கா. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல மைக்கேல் கீடர்ங்கறவரோட ஆய்வுக்கூடம் ரொம்ப வருஷமா இதைத் தட்டுலயும் எலியிலயும் பார்த்துட்டு வருது. ஜெரோம் கனடிங்கற அறுவை மருத்துவர் ஆபரேஷன் தியேட்டருக்கு ஏத்த மாதிரி ஒரு ஹீலியம் கருவி செஞ்சார். 2019ல அமெரிக்காவோட எஃப்டிஏ அதை முதல் கட்டப் பரிசோதனை பண்ண அனுமதி குடுத்துச்சு. சிகாகோவுல ரஷ் பல்கலைக்கழக மருத்துவமனை, இஸ்ரேல்ல ஷெபா மருத்துவ மையம், மொத்தம் 20 நோயாளிகள், எல்லாருக்கும் நாலாம் கட்டம் இல்லன்னா திரும்பி வந்த கேன்சர். முடிவு 2023ல வெளியாச்சு.

எப்படிப் பயன்படுத்தினாங்கன்னு கவனிங்க. கட்டியைக் கத்தியால எடுத்தாங்க. எடுத்த இடத்தோட விளிம்புல, கண்ணுக்குத் தெரியாம ஒட்டியிருக்கற செல்களைக் கொல்ல பிளாஸ்மாவை ஊதினாங்க. கத்திக்குப் பதிலா இல்ல, கத்திக்கு அப்புறம். எங்க வீடியோ 'கத்தி வேண்டாம்'னு சொல்லுச்சே, அந்தக் கருவியை நிஜமாப் பயன்படுத்தினவர் கையில முதல்ல இருந்தது கத்தி. ஆழப் பிரச்னையும் இங்கதான் ஓரளவு தீருது. கட்டியை எடுத்ததும் ஆழமே மேற்பரப்பா ஆயிடுது. பொறியியல் ஆளா எனக்கு இது புத்திசாலித்தனமான டிசைன்.

முதல் கட்டம்ங்கறது 'பாதுகாப்பா?'ங்கற ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தேடறது. பிளாஸ்மாவால பெரிய பாதிப்பு இல்லன்னு வந்துச்சு. ஆனா 20 பேரும் வேற வேற உறுப்புல, வேற வேற கேன்சர், பிளாஸ்மா ஊதாம ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு கிடையாது. அதனால பிளாஸ்மாதான் ஒருத்தரைக் காப்பாத்துச்சுன்னு அதை வச்சுச் சொல்ல முடியாது. ஜப்பான்ல நகோயா பல்கலைக்கழகம் வேற வழியில போகுது, சுடரைத் திரவத்துல காட்டி, அந்தத் திரவத்தை ஊசியில ஏத்தலாமான்னு. எலியோட நிக்குது.

இந்தியாவுல? நான் சொன்ன ஐபிஆர் 1986ல தொடங்கினது, பிரதிமன் கிருஷ்ண கவ் முதல் இயக்குநர். அங்க பெரிய வேலை அணு இணைவு, கூடவே இந்த மாதிரிக் குளிர் பிளாஸ்மா ஜெட்டும் செய்யறாங்க. நம்ம பக்கத்துல கோவை ஸ்ரீ சக்தி இன்ஜினியரிங் காலேஜ் இயற்பியல் துறையில சாயத் தண்ணியைக் குளிர் பிளாஸ்மாவால சுத்தம் பண்ற ஆய்வு பண்ணியிருக்காங்க. திருப்பூருக்குப் பக்கத்துல இருந்துட்டு அதைச் செய்யறது எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா கேன்சருக்கு வழக்கமான சிகிச்சைன்னு சொல்ற பட்டியல்ல குளிர் பிளாஸ்மா இங்கயும் இல்ல, எங்கயும் இல்ல.

யாராவது உங்ககிட்ட 'எங்க ஆஸ்பத்திரியில பிளாஸ்மா இருக்கு, வாங்க'ன்னு சொன்னா, ஒரு கேள்வி போதும்: "சிடிஆர்ஐ எண் என்ன?" மருத்துவப் பரிசோதனைகளைப் பதிவு பண்ற அரசுப் பதிவேடு அது. 2009ல இருந்து பதிவு கட்டாயம், யார் வேணா இணையத்துல தேடிப் பார்க்கலாம். நிஜமான பரிசோதனைன்னா எண் இருக்கும், நெறிமுறைக் குழு ஒப்புதல் இருக்கும், நமக்குப் புரியற தமிழ்ல ஒப்புதல் படிவம் இருக்கும், அந்தக் கருவிக்கு நம்மகிட்ட காசு கேக்க மாட்டாங்க. எண் இல்லாம லட்சக்கணக்குல பில் மட்டும் வந்தா கிளம்பிடுங்க.

இன்னொண்ணு, பார்லர்கள்ல மச்சம், மரு எடுக்க 'பிளாஸ்மா பென்'னு வச்சிருக்காங்க. பேர் மட்டும்தான் ஒண்ணு. அது தோலை ஆவியாக்கற சூடான பொறி. அதை விட மோசம், சந்தேகமான மச்சத்தை டெஸ்டுக்கு அனுப்பாமப் பொசுக்கிட்டா, அது என்னவா இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாமப் போயிடும்.

ஒரு வாரம் முடிஞ்சு இதையெல்லாம் சுருக்கமா அண்ணன்கிட்டச் சொன்னேன். மச்சானும் இருந்தார், வாய் திறக்கக் கஷ்டப்பட்டு, டீயை ஆத்தி ஆத்திக் குடிச்சுட்டு.

"அப்ப வீடியோ பொய்யா தம்பி?"

"பொய் இல்லண்ணா. ரெடி ஆகல. ரெடி ஆனாலும் ஆபரேஷனுக்குக் கூட நிக்கும், ஆபரேஷனை எடுத்துட்டு அது வராது."

"எப்ப ரெடி ஆகும்?"

இதுக்கு எனக்குப் பதில் இல்ல. எக்ஸ்ரே கதையைச் சொன்னேன். 1895 கடைசியில ரான்ட்கன் கண்டுபிடிச்சார். 1896லயே கேன்சர் மேல காட்டிப் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. எவ்வளவு காட்டணும், எத்தனை நாள் பிரிச்சுக் காட்டணும்னு புரியவே பல வருஷம் ஆச்சு, அதுக்குள்ள காட்டின டாக்டர்கள் கையே வெந்துச்சு. ஆழமா இறங்கற கோபால்ட் கதிர் மெஷின் கனடாவுல 1951ல வந்துச்சு, நம்ம அடையார் புற்றுநோய் மையத்துக்கு அதுக்கும் சில வருஷம் கழிச்சு.

மச்சான் அதுவரைக்கும் பேசல. அப்புறம்தான் கேட்டார், "தாடை எடுத்தா நான் ஏணி ஏற முடியாதா?" அவர் வீடியோவைப் பிடிச்சுத் தொங்கினது கத்திப் பயத்தால இல்லன்னு அப்பதான் எனக்கு உறைச்சுது. மிளகு சீசன் மார்கழி, தையில தொடங்கிடும். "ஏணிக்குத் தாடை வேண்டாமே மாமா, அதை டாக்டர்கிட்டயே கேளுங்க, எத்தனை மாசத்துல வேலைக்குப் போகலாம்னு"ன்னேன். அந்தக் கேள்வியை அதுவரைக்கும் அவர் யார்கிட்டயும் கேக்கல.

குறிச்ச தேதியிலேயே இறங்கினாங்க. காலையில முதல் பஸ், 20 கொண்டை ஊசி வளைவு, வாந்தி வேற. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில ஆபரேஷன் நடந்துச்சு. எலும்பு நினைச்சதை விடக் கம்மியாத்தான் எடுத்தாங்க. பதினஞ்சு நாள் கழிச்சு அண்ணன் எனக்குப் பேத்தாலஜி ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினார். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "தம்பி, மார்ஜின் ஃப்ரீன்னு போட்டிருக்கு, இதுக்குக் காசு கிடையாதுன்னு அர்த்தமா?"

வெட்டின விளிம்புல கேன்சர் செல் இல்லன்னு அர்த்தம் அது. சிகாகோவுல பிளாஸ்மா ஊதி எதைச் சாதிக்கப் பார்த்தாங்களோ, அதை இங்க ஒரு சர்ஜன் கத்தியாலயே முடிச்சிருக்கார். ஆனா கழுத்துல ஒரு நெறிக்கட்டியில இருந்துச்சு. அதனால கதிர் சிகிச்சை, ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரத்துக்குள்ள தொடங்கணும்னு சொல்லியிருக்காங்க. வாரத்துக்கு அஞ்சு நாள், மொத்தம் முப்பது தடவை. தினம் மலை ஏறி இறங்க முடியாது. அஸ்தம்பட்டி பக்கம் ஒரு சொந்தக்காரங்க வீட்டுல தங்க ஏற்பாடு ஆகியிருக்கு, அடுத்த திங்கள் ஆரம்பம். அண்ணன் கடை காலையில ஒன்பதுக்கு மேலதான் திறக்கும். ஒண்டிக்கடை பக்கம் வர்றவங்க கவனத்துக்கு.

டேட்டாபேஸ் இண்டெக்ஸ் அடுத்த வாரம். நிச்சயமா.